கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருவராக ஒரு சுற்று: வடபழனி, கோவை கார் அருங்காட்சியகங்கள் – சென்னைக்கென்று ஒன்று வேண்டாமா?

அயனாவரம் டீச்சர்:

டிசம்பர் பிறந்தாலே இங்கே ஊட்டியா, கொடைக்கானலா, புதுச்சேரியா என்ற பேச்சுதான். அறை கிடைக்கவில்லை, வண்டி நிறுத்த இடமில்லை என்ற புலம்பலும் கூடவே வரும். பிள்ளைகள் வெளியூர் போய், வீட்டில் இரண்டு பேர் மட்டும் என்று ஆன பிறகு நானும் என் கணவரும் கிறிஸ்துமஸ் காலத்தை எப்படிக் கழிக்கிறோம் என்று எழுதுகிறேன். எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படும். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. உண்மையில் அதைக் கேட்கத்தான் இந்த இழை.

முதலில் ஊருக்குள். பாரிமுனைப் பக்கம் நட்சத்திரம் வாங்கப் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள், மாலையில் ஈவ்னிங் பஜாரில் கால் வைக்க முடியாது. கேக்குக்கு வேப்பேரி ஸ்மித் ஃபீல்டு பேக்கரி. 1885இல் இருந்து நடக்கும் கடை. ரோஸ் குக்கீஸும் கல்கலும் வீட்டில்தான் செய்வோம். மாவு பிசைவது நான், அச்சைப் பிடிப்பது அவர்.

கூட்டம் சேர்வதற்கு முன்பே ஒரு காலை நேரத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்துக்குப் போய்வாருங்கள். 1680இல் கட்டி முடித்தது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கூரையைத் தடித்த வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவ் 1753இல் மார்கரெட்டைக் கைப்பிடித்தது இங்கேதான். கல்யாணமாகிப் பல வருடமான தம்பதிகள் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள், நன்றாக இருக்கும். லஸ் சர்ச், பரங்கிமலை, சாந்தோம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிக்கு நாங்கள் பெரம்பூர் லூர்து அன்னை ஆலயம். 25 உறவினர்களுக்கு.

26இல் இருந்து புத்தாண்டு வரை இருக்கும் நாட்கள்தான் எங்களுடையவை. என் கணவர் ஜி.பி. ரோட்டில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். அம்பாசடர், பியட், ஹெரால்டு, ஜீப் என்று எந்த வண்டியின் பாகமாக இருந்தாலும் கையில் வாங்கிப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். கடையைக் கொடுத்த பிறகு அந்த அறிவு அவரிடம் சும்மா கிடந்தது. அதனால்தான் கார் அருங்காட்சியகங்களுக்குப் போக ஆரம்பித்தோம்.

வடபழனி ஏவிஎம் ஸ்டுடியோ வளாகத்தில் 2023 மே மாதம் ஒரு பாரம்பரிய அருங்காட்சியகத்தை முதலமைச்சர் திறந்துவைத்தார். எம்.எஸ். குகன் சேர்த்து வைத்த பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும், பக்கத்திலேயே சினிமாக் கேமராக்களும் ஒலிப்பதிவுக் கருவிகளும் இருக்கின்றன. நாங்கள் காலையில் திறந்த உடனே போய்விட்டோம். அவர் ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் நின்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் படிப்பலகை எதற்கு, பின்னாளில் அது ஏன் காணாமல் போனது. இண்டிகேட்டர் விளக்கு வருவதற்கு முன்னால் கதவுத் தூணில் இருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டு திரும்பும் திசையைக் காட்டியது. டிம் – பிரைட் சுவிட்ச் காலடியில் இருந்தது, இடது காலால் அழுத்த வேண்டும். கியர் கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே இருந்ததால் முன் இருக்கையில் மூன்று பேர் உட்கார முடிந்தது. இத்தனை வருடம் அந்தக் கடைக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பியவள் நான். அவர் என்ன வேலை செய்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

அப்புறம் கோவை. அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகம். கார் என்றால் அழகு, விலை என்று அடுக்காமல், எந்த வண்டி எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது என்ற கண்ணோடு வைத்திருக்கிறார்கள். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியின் மாதிரி அங்கே இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

காரணம் பென்ஸின் மனைவி பெர்த்தா. தன் சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே அவருடைய பட்டறையில் போட்டவர் அவர். வண்டி தயாராகியும் வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போய்விட்டார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மின்கம்பி உரசியதற்குக் காலுறையைப் பிடிக்கும் பட்டியைச் சுற்றினார். எரிபொருள் தீர்ந்ததும் வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணமும், முதல் பிரேக் லைனிங்கும் அம்மா வீட்டுக்குப் போன ஒரு பெண்ணால் வந்தவை.

சரி, கேள்விக்கு வருகிறேன். ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப் தன் பக்கத்திலேயே ஒரு ரயில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. அதே ஊரில்தான் ஸ்டாண்டர்டு கார் செய்தார்கள், எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் புல்லட், இப்போது ஸ்ரீபெரும்புதூர் சாலை முழுக்கக் கார் தொழிற்சாலைகள். இந்த ஊரில் செய்த வண்டிகளின் கதையைச் சொல்லும் ஓர் இடம் ஏன் இல்லை? ஏவிஎம்மில் இருப்பது ஒருவர் ஆசையாகச் சேர்த்தது, அதற்கு நன்றி. நான் கேட்பது சென்னையின் மோட்டார் தொழிலுக்கான அருங்காட்சியகம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

ஓஎம்ஆர் நைட்ஷிப்ட்:

டீச்சர், அருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ் லீவு இது. எனக்குக் கார் என்றால் உயிர், மனைவிக்கு அதில் ஆர்வமே இல்லை. கூட்டிக்கொண்டு போனால் எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வருவாளோ என்று தயக்கமாக இருக்கிறது. போகலாமா?

---

சிறுவாணித் தண்ணி:

கோவைக்கு வந்து போனதில் ரொம்பச் சந்தோஷங்க டீச்சர். ஜி.டி. நாயுடு பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். படிப்பு பிடிக்காமல் பள்ளியை விட்டவர். சின்ன வயதில் ஊர்ப்பக்கம் வந்த ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் ஓட்ட ஆரம்பித்ததுதான் பின்னால் யூ.எம்.எஸ். என்ற பஸ் கம்பெனி ஆனது. அப்படி ஒரு மனிதரின் குடும்பம் என்பதால்தான் அங்கே வண்டிகளை எஞ்சினியர் கண்ணோடு வைத்திருக்கிறார்கள்.

சென்னையில் இருந்து வருகிறவர்களுக்கு: ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு நேராகப் போகலாம். வந்தே பாரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். டிசம்பர் கடைசி வாரத்துக்கு டிக்கெட் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறந்ததுமே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வெயிட்டிங் லிஸ்ட்தான். விடுமுறை நாள், நேரம் எல்லாம் கிளம்புவதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே நாயுடுவின் கண்டுபிடிப்புகளை வைத்திருக்கும் தொழில் காட்சிக்கூடமும் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

---

கார்பரேட்டர்:

டீச்சர் கேட்ட கேள்விக்கு என் பதில்: வேண்டாம். கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு மோரிஸ் மைனர் இருக்கிறது. பழைய வண்டியை வைத்துக் காப்பாற்றுவது என்ன பாடு என்று தெரியும். சென்னைக் காற்றில் உப்பும் ஈரமும். தினம் தொட்டுத் துடைக்கிற ஆள் இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் சக்கர வளைவில் துரு ஏறிவிடும். ஒரே இடத்தில் நின்றால் டயர் தரையில் படும் பக்கம் தட்டையாகிவிடும், டாங்கில் பெட்ரோல் பிசினாகும், கிளட்ச் தகடு ஒட்டிக்கொள்ளும், பிரேக் சிலிண்டர் இறுகிவிடும். ஓடாத கார் கார் இல்லை. பொதுக் கட்டடம் ஒன்றில் கயிறு கட்டி நிறுத்தி, திறப்பு விழாவுக்கு மாலை போட்டு, அப்புறம் பூட்டிவிடுவார்கள். வெளியூரில் ஒரு பொது இடத்தில் நல்ல ஜீப் ஒன்று மரத்தடியில் மக்கிப்போனதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

வண்டிகள் தனியார் கையில் இருக்கட்டும். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் கண்காட்சி நடத்துகிறது, வண்டிகள் ரோட்டில் ஓடி வருகின்றன. புகையோடும் சத்தத்தோடும் பார்க்கலாம். 2021இல் மத்திய அரசு விதியும் கொண்டுவந்துவிட்டது: 50 வருடத்துக்கு மேற்பட்ட, அசல் நிலை மாறாத வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும். இதைச் சுலபமாக்கச் சொல்லிக் கேட்பதில் பயன் உண்டு. இன்னொரு கட்டடம் கேட்பதில் இல்லை.

---

பெருங்களத்தூர்வாசி:

பொதுவாக நான் இங்கே படிப்பதோடு சரி. ஸ்டாண்டர்டு என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா ஸ்டாண்டர்டு மோட்டாரில் வேலை பார்த்தவர், பெயிண்ட் பகுதி. வண்டலூர் – பெருங்களத்தூர் பக்கத்தில் இன்றைக்கு இருக்கும் பிள்ளைகளிடம் இங்கே கார் செய்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். 1940களின் கடைசியில் தொடங்கிய கம்பெனி. முதலில் இங்கிலாந்தில் இருந்து பாகங்கள் வந்து வான்கார்டு கார் பூட்டினார்கள். 1961இல் ஹெரால்டு.

ஹெரால்டு பற்றி அப்பா சொன்னதை எழுதிவிடுகிறேன். அந்தக் காரின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, ஒரே துண்டாக முன்னால் சாயும். எஞ்சினைச் சுற்றி நின்று, சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகூட வேலை செய்யலாம். மெக்கானிக்குகளுக்குக் கொள்ளை ஆசை. மற்ற கார்கள் உடம்பே சட்டமாக மாறிக்கொண்டிருந்த காலத்தில் இதற்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம். உடம்பைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள், அடிபட்ட பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். திரும்ப வேண்டிய வட்டம் 25 அடிதான். மயிலாப்பூர்ச் சந்தில் அம்பாசடர் முன்னும் பின்னும் போய் வேர்த்துக்கொண்டிருக்கும்போது ஹெரால்டு ஒரே திருப்பில் திரும்பிவிடும்.

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நம் ஊரில் பெரியவர்கள் பின் இருக்கைக்குக் குனிந்து நுழைய முடியுமா? நான்கு கதவு ஹெரால்டு செய்தது சென்னையில்தான், உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1972இல் அதையே மாற்றி கெஸல் என்று கொண்டுவந்தார்கள். பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு நம் சாலைகளில் தொல்லை கொடுத்ததால் அதில் ஒரே கட்டையான பின் அச்சு வைத்தார்கள். ஐந்து வருடத்தில் அதுவும் நின்றது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000. உடம்பு ரோவர் கார், உள்ளே பழைய வான்கார்டு வழியில் வந்த இரண்டு லிட்டர் எஞ்சின். விலை அதிகம், வேகமும் சிக்கனமும் இல்லை. அதோடு கதை முடிந்தது.

கார்பரேட்டர் சார், உங்கள் மோரிஸ் உங்கள் கையில் நன்றாக இருக்கட்டும். ஆனால் கெஸலின் பின் அச்சை ஏன் மாற்றினார்கள், பெயிண்ட் அடுப்பில் எத்தனை தடவை சுட்டார்கள் என்று கண்காட்சியில் யார் சொல்வார்கள்? ஓட்டியவர்களின் நினைவு காரோடு நிற்கிறது. செய்தவர்களின் நினைவுக்கு இடமே இல்லை. அப்பா போய்ப் பல வருடமாகிறது. அவருடைய அடையாள அட்டையும், ஷாப்பில் எடுத்த குரூப் போட்டோக்களும் என் பீரோவில் இருக்கின்றன. எனக்குப் பின்னால் அவை எங்கே போகும்?

---

திருவொற்றியூர் புல்லட்:

பெருங்களத்தூர்வாசி எழுதியதைப் படித்ததும் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

ராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்து 800 வண்டி கேட்டதில் இருந்துதான் இங்கே எல்லாம் ஆரம்பம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள், போகப்போக எல்லாப் பாகமும் இங்கேயே வார்த்துக் கடைந்து செய்தார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்தில் கதவை மூடிவிட்டார்கள். அந்த மோட்டார் சைக்கிள் உலகத்தில் மிச்சமிருந்தது திருவொற்றியூரால்தான். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று ஓட்டியவர்கள் இன்றைக்கும் புது வண்டியில் முதல் இரண்டு நாள் தடுமாறுவார்கள். டாங்கின் மேல் அந்தத் தங்கக் கோட்டை பிரஷ்ஷால், கையை ஊன்றாமல், ஒரே இழுப்பில் போடும் கைவேலைக்காரர்கள் இருந்தார்கள். அதைச் செய்து காட்டினாலே போதும், ஊரே வந்து பார்க்கும்.

புல்லட் மட்டும் இல்லை. எக்ஸ்ப்ளோரர், சில்வர் ப்ளஸ், டீசல் புல்லட் – ஞாபகம் இருக்கிறதா யாருக்காவது? வேலைக்குப் போன எத்தனையோ பெண்கள் முதலில் ஓட்டிய வண்டி சில்வர் ப்ளஸ். இதையெல்லாம் லட்சாதிபதிகள் சேர்த்து வைக்க மாட்டார்கள். விலை போகாத வண்டியை யார் காப்பாற்றுவது என்பதுதான் என் கேள்வி.

---

அயனாவரம் டீச்சர்:

இத்தனை பதில் வந்ததில் மிக்க மகிழ்ச்சி. பெருங்களத்தூர்வாசி எழுதியதை என் கணவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஹெரால்டு முன்பக்கம் சாய்வதைப் பற்றி வந்ததும் நிறுத்தச் சொல்லி, அந்தக் கீலுக்குக் கடையில் எத்தனை தேடல் இருந்தது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். புதுப்பேட்டையில் உடைத்த வண்டியில் இருந்து எடுத்து வந்து கொடுப்பார்களாம்.

நைட்ஷிப்ட் தம்பி, தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்று மட்டும். குதிரைத்திறன், சி.சி. எல்லாம் அடுக்காதீர்கள். அந்த வண்டியில் யார் போனார்கள், எப்படி ஏறினார்கள், மழைக்கு என்ன செய்தார்கள் என்று பேசுங்கள். மனிதர்கள் வந்தால் கதை வரும். அவளுக்கு எது பிடிக்கிறதோ அங்கே நீங்கள் காத்திருங்கள். என் கணவரை நான் மார்கழிக் கச்சேரிக்கு அழைத்துப் போகிறேன். ராகம் அவருக்குப் பிடிபடாது, ஆனால் மிருதங்கக்காரர் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்ப்பதை அவ்வளவு கவனமாகப் பார்ப்பார். இருவரும் ஒரே காரணத்துக்காக ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று இல்லை.

கார்பரேட்டர் சார், நீங்கள் சொன்ன மரத்தடி ஜீப்பின் கதை என்னையும் வருத்தியது. அதற்குப் பயந்து கேட்காமலே இருக்க முடியுமா? 1840இல் கோச்சு வண்டி செய்ய ஆரம்பித்த சிம்சன் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1903இல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரையே செய்து மெட்ராஸ் தெருக்களில் ஓட்டினார். 1895இல் மின்சார டிராம் ஓடிய ஊர், 1953 வரை ஓடியது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார் பூட்டி, 1955இல் அசோக் லேலண்டு ஆனது. லாரிக்காரர்களுக்கு அந்த அசோக் யார் என்று தெரியாது: நிறுவனர் ரகுநந்தன் சரணின் மகன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ கார் வந்தது. இவற்றைத் தனித்தனியாக அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு பள்ளிப் பிள்ளை நடந்து போய்ப் பார்த்து, இந்த ஊர் ஏன் கார் ஊரானது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. துறைமுகம், ரயில், வார்ப்பட வேலை தெரிந்த பட்டறைகள், ஐ.டி.ஐ. படித்த பையன்கள் எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. வகுப்பில் நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன், காட்ட ஒன்றும் இருந்ததில்லை.

இதை அரசே கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோவையில் ஒரு குடும்பம் செய்திருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் பயணா என்று ஒரு கார் அருங்காட்சியகம் வந்திருக்கிறது, அதன் பின்னால் தர்மஸ்தலத்தார். சென்னையில் கம்பெனிகள் ஒன்றுகூடினால் முடியாதா?

---

கார்பரேட்டர்:

டீச்சர், கிரீனின் நீராவிக் காரைச் சொல்லி என்னை மடக்கிவிட்டீர்கள். பெருங்களத்தூர்வாசி சொன்னதும் மனதில் நிற்கிறது. செய்தவர்களின் காகிதங்கள், வரைபடங்கள், கருவிகள் இவற்றுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்கு ஈரமில்லாத அறை போதும், எஞ்சினை ஓட்ட வேண்டியதில்லை.

வண்டிகளைப் பொறுத்தவரை என் நிபந்தனை அப்படியே இருக்கிறது. சம்பளத்துக்கு நிரந்தரமாக மெக்கானிக் வேண்டும். மாதம் ஒரு தடவையாவது எஞ்சின் சூடாகும்வரை ஓட வேண்டும், இல்லையென்றால் டாங்கையும் கார்பரேட்டரையும் காலி செய்து, வண்டியைத் தாங்கிகளில் ஏற்றி நிறுத்த வேண்டும். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்ப்பின் சவ்வையும் அரிக்கும். நான் எல்லாக் குழாயையும் மாற்றிவிட்டேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எரிபொருள் குழாய் கசிந்தால் சூடான எஞ்சின் மேல்தான் சொட்டும்.

டீச்சர், உங்கள் வீட்டு ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மோரிஸ் மைனருக்கு முன்சக்கர டார்ஷன் பாரின் (ஸ்பிரிங் போல வேலை செய்யும் முறுக்குக் கம்பி) இறுக்கத்தைச் சரிசெய்வது பற்றிச் சொல்ல முடியுமா? தெரிந்தவர் இப்போது யாருமில்லை.

---

அயனாவரம் டீச்சர்:

அவர் சொல்லச் சொல்ல டைப் செய்கிறேன். "பாரின் பின்பக்க நுனியில் ஒரு லீவர் இருக்கும். அதை ஒரு துளையில் இருந்து அடுத்த துளைக்கு மாற்றிப் போட்டால் உயரம் மாறும். இரண்டு பக்கமும் அளந்து பார்த்துச் செய்யுங்கள். பாரை இடம் மாற்றிப் போடாதீர்கள், இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் முறுக்குத் திசை வேறு. ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்." நேரில் வந்தால் காட்டுகிறேன் என்கிறார்.

---

ஓஎம்ஆர் நைட்ஷிப்ட்:

டீச்சர், நேற்று வடபழனி போய்வந்தோம். கார்ப் பகுதியில் அவள் சும்மா என்கூட நடந்து வந்தாள். நீங்கள் சொன்னபடி சி.சி. எதுவும் பேசவில்லை. கேமராக்கள் இருக்கும் பக்கம் போனதும் அவளை அசைக்க முடியவில்லை. அவளுடைய தாத்தா அந்தக் காலத்தில் லேபில் வேலை பார்த்தவர், வடபழனிக்கு சைக்கிளில் வருவாராம். இது எனக்குத் தெரியவே தெரியாது. பிலிம் கழுவும் கையில் மருந்து வாடை போகாது என்று பாட்டி சொல்வார்களாம். அங்கேயே நின்று அவளுடைய அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள், அப்புறம் நான்தான் அவளுக்காகக் காத்திருந்தேன். திரும்பி வரும்போது பழைய கார் ஒன்றின் பின் ஜன்னல் ஏன் அத்தனை சின்னதாக இருந்தது என்று அவளே கேட்டாள். வளைந்த பெரிய கண்ணாடியை வார்ப்பது அப்போது கஷ்டம் என்று படித்ததைச் சொன்னேன். பொங்கலுக்குக் கோவையில் அவளுடைய சித்தி வீட்டுக்குப் போகிறோம், அங்கேயும் பார்க்கப் போகிறோம்.

---

தாம்பரம் சானடோரியம்:

அரசுப் பள்ளி ஆசிரியர் நான். ஒரு வேண்டுகோள் மட்டும். எந்த அருங்காட்சியகம் வந்தாலும் விளக்கப் பலகை தமிழில் இருக்கட்டும், பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கட்டும். வெட்டிக் காட்டிய எஞ்சின் ஒன்று, கையால் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்கும்படி, கட்டாயம் வேண்டும். பத்துக் கார் குறைந்தாலும் பரவாயில்லை. பாடப்புத்தகத்தில் நான்கு வீச்சு எஞ்சினைப் படம் பார்த்து மனப்பாடம் செய்யும் பிள்ளைகள், வால்வு திறந்து மூடுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும்.

---

பெருங்களத்தூர்வாசி:

டீச்சர், கார்பரேட்டர் சார், நீங்கள் இருவரும் காகிதங்களைப் பற்றிச் சொன்னதால் நேற்று பீரோவைத் திறந்தேன். குரூப் போட்டோ, சம்பளச் சீட்டு, யூனியன் நோட்டீஸ், ஒரு கலர் அட்டை (காருக்குக் கொடுத்த நிறங்களின் மாதிரி) எல்லாம் இருக்கின்றன. கலர் அட்டை ஓரத்தில் கரையான். போனில் படம் எடுத்து வைத்தால் போதுமா, இல்லை கடையில் கொடுத்து ஸ்கேன் செய்யலாமா?

---

அயனாவரம் டீச்சர்:

கடையில் கொடுக்க வேண்டாம், உருளைக்குள் இழுக்கும் மெஷினில் போட்டால் பழைய காகிதம் கிழிந்துவிடும். தட்டையான ஸ்கேனர் எங்கள் மகனுடையது இங்கே சும்மா இருக்கிறது, கொண்டு வாருங்கள். கலர் அட்டையை மட்டும் முதலில் தனியாக எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, வெயிலில் வைக்காமல் காற்றாட நிழலில் வையுங்கள். நிறம்தான் அதன் உயிர், வெயில் பட்டால் போய்விடும். மற்றக் காகிதங்களோடு சேர்க்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், நம் ஊர் ஈரத்துக்கு உள்ளேயே வேர்க்கும்.

போட்டோக்களைப் பின்பக்கமும் சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டுடியோ முத்திரை, வருடம், சில சமயம் வரிசைப்படி பெயர்கள்கூட எழுதியிருப்பார்கள். பெயர் இல்லாதவர்களை அடையாளம் சொல்ல உங்கள் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் யாராவது அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அதை இப்போதே செய்ய வேண்டும், கட்டடம் எப்போது வந்தாலும் வரட்டும். திருவொற்றியூர் தம்பியும் அந்தத் தங்கக் கோடு போட்டவர்களைத் தேடிப் பார்த்துச் சொல்லட்டும். கார்பரேட்டர் சார் மோரிஸைப் பொங்கல் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை அயனாவரத்துக்கு ஓட்டி வருவதாகத் தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே வந்தால் எல்லோரையும் பார்த்த மாதிரியும் ஆகும். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். எத்தனை பேர் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.